மண்ணுக்கு இழிவு செய்தவர் யார்?

‘மண்வாசனை’ என்னும் சொல் ஈழத்து இலக்கிய உலகிலே ஒரு காலத்தில் போர்க்குரலாய் ஒலித்தது. நம் கதைகளில் நம் மண் மணக்கவேண்டும், நம் மாந்தர் தம் மொழியிலேயே பேசவேண்டும் என்று முற்போக்கு எழுத்தாளர் வாதாடினர். அவ்வாதம் வென்றது. ஆயின், கதையிலே மணக்கும் அதே மண்ணைக் குழைத்துச் சுவராக்கி, அச்சுவருக்குள் ஒரு குடும்பம் வாழக் கண்டால் நம்மிற் பலருடைய முகம் சுளிக்கிறது. ‘இன்னுமா மண்வீட்டில் இருக்கிறார்கள்?’ என்று கேட்கிறோம். அக்கேள்வியிலே இரக்கமும் உண்டு, இளக்காரமும் உண்டு. ஏட்டிலே மணக்கும் மண் வீட்டிலே இழிவாவது ஏன்?

இதனைப் பொறியியலாளரின் பிரச்சினையென்று ஒதுக்கிவிடுவோர் உளர். நாம் அவ்வாறு ஒதுக்கோம். ஒரு மனிதன் எந்தப் பொருளால் வீடு கட்டவேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார், அத்தீர்மானத்தால் யாருடைய பை நிரம்புகிறது, யாருடைய தலையில் கடன் ஏறுகிறது என்பன சமுதாயக் கேள்விகள். சமுதாயக் கேள்வியைப் பேசாத இலக்கியம் நமக்குத் தேவையில்லை.

இன்று இவ்விடயத்திலே இரண்டு கட்சியினர் உளர். ஒரு கட்சியார், சீமெந்தும் உருக்குமே முன்னேற்றம், மண்சுவர் பின்தங்கலின் சின்னம் என்பவர். அரசாங்கத் திட்டங்களும் ஒப்பந்தக்காரரும் இக்கட்சியினர். மற்றக் கட்சியார் அண்மையிலே தோன்றியவர். மண்ணே இயற்கை, மண்ணே மரபு, மண்ணே உலகைக் காக்கும் என்று இவர்கள் பரவசப்படுகிறார்கள். உல்லாசப் பயணிகளுக்காக மண்குடில் விடுதிகள் எழுப்பி, ஓர் இரவுக்கு ஒரு கூலித் தொழிலாளியின் பல நாட் சம்பளத்தை வாங்குவோரும் இக்கட்சியிலேதான் அடங்குவர். முதற் கட்சியார் ஏழையின் மண்ணை இழித்தனர். இரண்டாங் கட்சியார் அதனை அலங்காரமாக்கினர். இருவரும் அவனைக் கேட்கவில்லை. ஆகவே இருவருடனும் நமக்கு வழக்கு உண்டு.

முதலிலே மண் என்னும் பொருளை அறிந்துகொள்வோம். சுடாத மண்ணாலான சுவர் என்பது சரளை, மணல், வண்டல், களி என்னும் நான்கும் அளவறிந்து சேர்ந்த ஒரு கலவை. சரளையும் மணலும் எலும்பு, களி தசை. களி குறைந்தால் சுவர் உதிரும். மிகுந்தால் காயும்போது வெடிக்கும். இதனை அறிய ஆய்வுகூடம் வேண்டுமென்பதில்லை. ஒரு கண்ணாடிப் போத்தலில் மண்ணும் நீரும் இட்டுக் குலுக்கி வைத்தால், பருமனானது அடியிலும் நுண்ணியது மேலிலுமாகப் படைபடையாய்ப் படியும். ஈரமண்ணைக் கயிறுபோல உருட்டி, எவ்வளவு நீளத்தில் அறுகிறதென்று பார்த்தாற் களியின் தன்மை தெரியும். நம் முன்னோர் இவற்றுக்குப் பெயர் சூட்டவில்லை. ஆனால் எந்த வளவின் மண் சுவருக்காகும், எது தரைக்காகும், புற்றுமண்ணை எங்கே கலக்கவேண்டும் என்பதை அவர்களின் கை அறிந்திருந்தது. தடிகளை நட்டு வரிச்சுக் கட்டி இருபுறமும் மண் அப்பும் முறையைத் தமிழ் விவசாயியும் சிங்கள விவசாயியும் ஒரேவிதமாகக் கையாண்டனர். மொழிக்காகச் சண்டையிட்ட இந்நாட்டிலே, மண்ணைக் குழைக்கும் பாடத்தை இருவரும் ஒரே பள்ளியிற் படித்திருந்தார்கள்.

‘மண் நீருக்கு நிற்குமா?’ என்று உடனே கேட்பார்கள். கேட்பவர் கிளிநொச்சிக்கோ மன்னாருக்கோ அனுராதபுரத்துக்கோ செல்லும்போது பேருந்தின் யன்னலால் எட்டிப் பார்க்கட்டும். குளக்கட்டு எதனால் ஆனது? மகாசேனன் காலத்து மின்னேரியாவும், ஐந்தாம் நூற்றாண்டிலே தாதுசேனன் கட்டுவித்த கலாவாவியும், மன்னார்க் கட்டுக்கரைக் குளமும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே எழுந்த இரணைமடுவும் மண்ணாலான அணைகளே. நீரைத் தடுத்து நிற்பதற்கென்றே நம் நாட்டவர் மண்ணைத் தெரிந்தெடுத்தனர். அதனை அள்ளிக் கொட்டிவிட்டுப் போகவில்லை. மிதித்து இறுக்கினர், சரிவு அறிந்து கட்டினர், நீர் மோதும் பக்கத்திலே கல் அடுக்கினர், ஆண்டுதோறும் பழுது பார்த்தனர். அவ்வறிவும் பராமரிப்பும் அற்றுப்போன காலத்திலே குளங்கள் உடைந்து காடாயின. குற்றம் மண்ணினுடையதன்று, கைவிட்டவருடையது.

யெமன் நாட்டிலே சிபாம் என்றொரு நகரம் உண்டு. அங்கே வெய்யிலிற் காய்ந்த மண்கல்லால் ஏழு மாடி வரை உயர்ந்த வீடுகள் நெருக்கமாய் நிற்கின்றன. அவற்றிற் பெரும்பாலானவை பதினாறாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் எழுந்தவை. அடியிலே கல்; உச்சியிலே சுண்ணாம்புப் பூச்சு; நடுவிலே வெறும் மண். தலையும் காலும் நனையாது காத்தால் மண்சுவர் நூற்றாண்டுகளைத் தாங்கும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ? நம் ஊர்ப் பழைய மண்வீட்டின் உயர்ந்த திண்ணையும், தாழ இறங்கிய கிடுகுக் கூரையின் இறவாரமும் இதே நோக்குடன் அமைந்தவையே. அவற்றை அழகுக்காக என்று எண்ணியவர் அவற்றின் கருத்தை அறியாதவர்.

இவ்வாறாயின், மண்வீடு என்றதும் நாணம் பிறப்பது எங்கிருந்து? இங்கேதான் நாம் கூசாமற் பேசவேண்டும். யாழ்ப்பாணத்திலே நாற்சார் வீட்டையும் சுண்ணாம்புச் சாந்துச் சுவரையும் உடையவர் யாவர்? காணி உடையவர். மண்கொட்டிலில் இருந்தவர் யாவர்? அக்காணியின் மூலையிலே குடியிருக்க விடப்பட்டவர். அடிமை குடிமை என்று சாதியின் பெயரால் அழுத்தப்பட்டவர். ‘எழும்பு’ என்று காணிக்காரன் ஒரு சொற் சொன்னால் பெட்டி படுக்கையுடன் எழும்பவேண்டியவன் நூறாண்டு நிற்கும் சுவரை எதற்காக எழுப்புவான்? தனக்கு உரிமையில்லாத நிலத்திலே அவன் மூன்று மாரிக்கு நிற்கும் சுவரையே எழுப்பினான். அது உருகியபோது, மண் உருகிற்று என்றார்கள். உருகியது மண்ணன்று, உறுதியில்லாத காணியின்மேல் நின்ற அவனுடைய வாழ்வு.

இதன் மறுபக்கத்தை மலையகத்திலே காணலாம். அங்கே தோட்டத்து லயங்கள் கல்லாலும் தகரத்தாலும் எழுப்பப்பட்டன. கற்சுவர் அங்கே வாழ்ந்தவருக்கு மதிப்பைத் தந்ததா? 1948 ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தபோது அக்கற்சுவர் காத்ததா? ஒரு காம்பறாவுக்குள் மூன்று தலைமுறையை அடைத்த அக்கட்டடங்கள் கல்லாயிருந்தும் சிறையாகவே இருந்தன. ஏனெனில் நிலமும் சுவரும் துரையினுடையவை. ஆகவே, மனிதனை உயர்த்துவதும் தாழ்த்துவதும் சுவரின் பொருளன்று. சுவர் நிற்கும் நிலத்தின் உரிமை. இவ்வுண்மையை மறைக்கவே ‘மண்வீடு வேண்டாம், கல்வீடு தருகிறோம்’ என்னும் பேச்சு அரசியல்வாதிகளுக்குப் பயன்படுகிறது. காணியைக் கொடாமற் சுவரைக் கொடுப்பது அவர்களுக்கு இலகு.

இனிச் சீமெந்தின் கதையைப் பார்ப்போம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 ஆம் ஆண்டிலே உற்பத்தியைத் தொடங்கியபோது, சுதந்திர நாட்டின் பெருமையாகவே அது கருதப்பட்டது. பல நூறு குடும்பங்களுக்கு அது வேலை கொடுத்தது. ஒரு தொழிலாளர் வர்க்கத்தை வடக்கிலே உருவாக்கியது. அதனை நாம் குறைத்துப் பேசமாட்டோம். போர் 1990 இல் அதன் உலையை அணைத்தது. சுண்ணக்கல் தோண்டிய பெருங்குழிகளை அங்கே விட்டு, சீமெந்துக்கு மட்டும் நாம் வெளியாரிடம் கையேந்தும் நிலைக்கு வந்தோம். அக்கையேந்தலின் விலையை 2022 இல் நாடு கண்டது. ஆயிரம் ரூபா அளவில் விற்ற 50 கிலோ மூடை, டொலர் வற்றிய அந்த ஆண்டிலே மூவாயிரத்தை அண்டியது. பாதியில் நின்ற சுவர்களுக்குள்ளே எருக்கலை முளைத்தது. மேசன்மார் வேலையின்றி வீட்டிலிருந்தனர். வளவுக்குள்ளே கிடந்த மண்ணின் விலை மட்டும் ஏறவில்லை. அதனைச் சுவராக்கும் அறிவைத்தான் நாம் அதற்கு முன்பே தொலைத்துவிட்டோம்.

சீமெந்து உலகுக்கு விதிக்கும் விலையும் உண்டு. சுண்ணக்கல்லை ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்திலே எரித்தால்தான் சீமெந்தின் கட்டி பிறக்கும். எரிப்பதற்கான எரிபொருள் ஒருபுறம் புகைய, சுண்ணக்கல்லும் தன்னுள் அடைந்திருக்கும் காபனீரொட்சைட்டை வெளியே கக்குகிறது. மனிதகுலம் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சீமெந்துத் தொழிலினின்றும் வருவதே. மண்கல்லோ வெய்யிலிற் காய்கிறது. மேலும், சீமெந்துடன் சேர்க்க மணல் வேண்டும். வடமராட்சி கிழக்கின் மணற்றிட்டிகளும் வன்னி ஆறுகளின் படுக்கைகளும் இரவோடிரவாக உழவு இயந்திரங்களில் ஏறிப் போவதை அவ்வூர் மக்கள் அறிவர். எதிர்த்துக் குரல் கொடுத்தோர் பட்ட பாட்டையும் அறிவர்.

போர் 2009 இல் முடிந்தது. வன்னியின் வீடுகள் தரைமட்டமாய்க் கிடந்தன. மீண்டு வந்த மக்களுக்கு வீடு வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. இந்தியாவின் 50,000 வீட்டுத் திட்டம் பெரும்பாலும் உரிமையாளர் தாமே கட்டும் முறையில் நடந்தது. வடகிழக்கிலே வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கொடுக்கப்பட்டது. தம் வீட்டைத் தாம் கட்டும் உரிமை மக்களுக்குக் கிடைத்தது நன்று. அதனை நாம் பாராட்டுகிறோம். ஆயினும் சீமெந்துக் கல்லுக்கும் மணலுக்கும் கம்பிக்கும் ஓட்டுக்கும் அத்தொகை போதாமையாற் பலர் நகையை அடகு வைத்தனர். நுண்கடன் நிறுவனங்களின் வாசலில் நின்றனர். போரிலே கணவனை இழந்த பெண்கள் வாரந்தோறும் வரும் கடன் வசூலிப்பவருக்கு அஞ்சி ஒளிந்த கதைகளை நம் பத்திரிகைகள் எழுதின. வீடு எழுந்தது, வீட்டுக்காரி குனிந்தாள். கட்டும் பொருளிற் பாதியை வளவிலேயே எடுக்கக்கூடிய வழி ஒன்று உண்டு என்பதை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் யார்?

இதனிலும் பெரிய வேடிக்கை அதன்பின்னர் வந்தது. 2015 ஆம் ஆண்டில் ஆட்சி மாறியபின், வடக்கு கிழக்கு மக்களுக்கு 65,000 வீடுகளை உருக்கினாலே செய்து பொருத்தித் தருவதென்று ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. பன்னாட்டு உருக்கு நிறுவனமொன்று அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டது. வீடொன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. வேனிலிலே அனல் வீசும் வன்னியில் உருக்குச் சுவரா, உப்புக் காற்று வீசும் கரையோரத்தில் இரும்பா, பிள்ளை மணமுடித்தால் ஓர் அறையைக் கூட்டிக் கட்டுவதெப்படி, ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் இதில் என்ன வேலை என்று மக்கள் கேட்டனர். நாட்டின் பொறியியலாளரும் புலமையாளரும் அத்திட்டத்தை ஆராய்ந்து, அத்திவாரத்திலிருந்து ஆயுள் வரை குறை காட்டினர். ஏறக்குறைய பாதிச் செலவிலே கல்வீடு கட்டலாம் என்று கணக்கும் காட்டினர். எதிர்ப்பு வலுத்தது, அத்திட்டம் அந்த உருவில் நிறைவேறவில்லை. மக்கள் வென்ற ஒரு சிறு வெற்றி அது. ஆயின் அதனின்றும் நாம் பாடம் படித்தோமா? உருக்கு வேண்டாம் என்றவர்கள் ‘சீமெந்தே தாருங்கள்’ என்றதோடு நின்றுவிட்டார்கள். நம் காலின் கீழே கிடக்கும் பொருளைப் பற்றி மேடையிற் பேசியவர் மிகச் சிலரே.

வன்னிக் கிராமங்களிலே ஒரு காட்சியைக் காணாதார் இலர். புதிய வீட்டின் முன்கதவு பூட்டியிருக்கும். உச்சி வெய்யிலில் அவ்வீட்டின் தகட்டுக் கூரையும் சீமெந்துக் கற்சுவரும் அனலைக் கக்க, வீட்டுக்காரர் பின்வளவிலே பழைய கொட்டிலின் மண்திண்ணையில் சாய்ந்திருப்பார்கள். அடுப்படியும் அங்கேதான். அவர்களைக் கேட்டால் ‘அது விருந்தாளிக்கு, இது எங்களுக்கு’ என்று சிரிப்பார்கள். அச்சிரிப்பிலே ஒரு பெரிய கண்டனம் இருக்கிறது. தடித்த மண்சுவர் பகலின் வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்ல விடுகிறது. ஈரத்தையும் அவ்வாறே வாங்கி விடுகிறது. இதனை அனுபவத்தால் அறிந்த மனிதன், மதிப்புக்காக ஒரு வீட்டையும் வாழ்வுக்காக ஒரு கொட்டிலையும் வைத்திருக்க நேர்ந்தது. இரண்டையும் ஒன்றாக்குவதற்கு நம் கல்விமான்கள் என்ன செய்தார்கள்?

மண்ணின் குறைகளை மறைப்பது நம் நோக்கமன்று. 2008 நவம்பரிலே ‘நிஷா’ சூறாவளி யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் ஆழ்த்தியபோது மண்வீடுகள் இருந்த இடம் தெரியாமற் கரைந்தன. நாட்கணக்காய் நிற்கும் வெள்ளத்தின் நடுவே அடித்தளமற்ற மண்சுவர் நில்லாது, இதிலே வாதமில்லை. 2003 டிசம்பர் 26 அன்று ஈரானிலே பாம் நகரத்தைப் பூமியதிர்ச்சி தாக்கியபோது, அங்கிருந்த பழம்பெரும் மண்கோட்டை நொறுங்கியது. நகரத்திலே 26,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். பாரமான மண்கூரைகள் உறங்கியவர்மேல் விழுந்தன. இதனையும் நாம் ஒளிக்கவில்லை. ஆயின் 2023 பெப்ரவரியிலே துருக்கியில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றவை எவை? பெரும்பாலும் சீமெந்தும் கம்பியும் கொண்டு, விதிகளை மீறி எழுப்பப்பட்ட மாடிகள். அதற்காகச் சீமெந்தை யாரும் இழிபொருள் என்று சொல்லவில்லை. கட்டியவரைக் குற்றக் கூண்டில் ஏற்றினர். சீமெந்து தவறினால் ஒப்பந்தக்காரனைக் குற்றஞ்சாட்டுவதும், மண் தவறினால் மண்ணையே குற்றஞ்சாட்டுவதும் என்ன நீதி?

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். எல்லா மண்ணும் எடுக்கத்தக்கதன்று. வலிகாமத்துச் செம்மண் சுண்ணக்கற் பாறையின்மேல் ஆழமின்றிப் படிந்த செல்வம். வெங்காயமும் புகையிலையும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் அம்மண்ணைச் சுவருக்கென்று வெட்டுவது தாயின் மார்பை அறுப்பதற்கொப்பாகும். சுவருக்கு வேண்டியது உக்கலற்ற அடிமண். அது வன்னியிலும் கிழக்கிலும் வறண்ட வலயத்தின் பல பகுதிகளிலும் உண்டு. ஆகவே, எங்கும் மண், எதற்கும் மண் என்று நாம் கூறவில்லை. இடமறிந்து, மண்ணறிந்து, மாரியறிந்து கட்டவேண்டும் என்கிறோம்.

இங்கே இரண்டாங் கட்சியாரிடம் வருகிறோம். மண்ணின் புகழ் பாடும் இவர்கள் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் பாத்தியின் பெயரை அடிக்கடி எடுத்தாள்வர். அவர் பெருமகன், ஐயமில்லை. கைவிடப்பட்டுவந்த மண்கல் வளைவுகளைக் கட்டும் வித்தையை நூபியக் கொத்தனாரிடம் கண்டு உலகுக்குக் காட்டியவர். லக்சருக்கு எதிரே, பண்டைய கல்லறைகளின்மேல் குடியிருந்த கூர்ணா மக்களுக்காக 1940களின் நடுவிலே அவர் புதுக்கூர்ணா என்னும் ஊரை மண்ணால் எழுப்பத் தொடங்கினார். ஏழைகளுக்கு அழகிய வீடு, மலிவான வீடு. ஆனால் அம்மக்கள் அங்கே குடிபெயர மறுத்தனர். அவர்களுடைய பிழைப்பு பழைய ஊரோடு பிணைந்திருந்தது. பெயர்ச்சி அவர்கள் கேட்டதன்று, அரசாங்கம் விதித்தது. அவர் எழுப்பிய கவிமாடங்கள் சமாதிகளை நினைவூட்டின என்றும் கூறுவர். ஊர் பாதியிலே நின்றது. பாத்தி இத்தோல்வியை மறைக்காமல் நூலாக எழுதி 1969 இல் வெளியிட்டார். அன்புள்ளம் கொண்ட அறிஞன் கொடுத்த மண்வீடே மக்களைக் கேளாமற் கொடுக்கப்பட்டதால் வெறுமையாய்க் கிடந்தது என்றால், விளம்பரத்துக்காக மண்ணைப் போற்றுவோர் எம்மாத்திரம்?

மாலி நாட்டின் ஜென்னே நகரத்தையும் எடுத்துக்கொள்வோம். 1907 இல் மீண்டும் எழுப்பப்பட்ட அதன் பெரிய மசூதி, சுடாத மண்ணாலான கட்டடங்களிலே உலகப் புகழ் பெற்றது. ஆண்டுக்கொருமுறை ஊரே திரண்டு அதன் சுவருக்கு மண் பூசுகிறது. சிறுவர் குழைக்க, இளைஞர் ஏணியேற, பெண்கள் நீர் சுமக்க அது ஒரு திருவிழாவாய் நடக்கிறது. பராமரிப்பே பண்பாடாகிய காட்சி அது. ஆனால் 1988 இல் அந்நகரம் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியபின், தம் வீட்டுத் தரைக்கு ஓடு பதிக்கவும் வசதியான குளியலறை அமைக்கவும் விரும்பிய குடிமக்கள், மரபைக் காக்கும் விதிகள் தம்மைக் கட்டிப்போடுவதாக முறையிட்டனர். அவர்களது முறைப்பாடு நியாயமானதே. பிறர் வந்து படம் பிடிப்பதற்காக ஒருவன் பழைய வறுமையிலேயே வாழவேண்டும் என்பது மரபன்று; அது காட்சிசாலை. மின்விளக்கும் நல்ல மலசலகூடமும் காற்றோட்டமும் பிள்ளை படிக்க ஒரு மேசையும் இல்லாத மண்வீட்டை, எவ்வளவு மரபு மணந்தாலும், நாம் ஏற்கமாட்டோம். தாம் கொழும்பிலே குளிரூட்டிய மாடியில் இருந்துகொண்டு முல்லைத்தீவு விவசாயிக்கு மண்குடிலைப் பரிந்துரைப்போரைப் பார்த்து, ‘முதலில் உங்கள் வீட்டை மண்ணாற் கட்டுங்கள்; பின்னர் பேசுங்கள்’ என்று அவன் சொன்னால் அவனை யார் குறை கூற முடியும்?

அப்படியாயின் வழி எது? வழி புதிதாய்க் கண்டுபிடிக்க வேண்டியதன்று. 1950களிலேயே தென்னமெரிக்கக் கொலம்பியாவில், நெம்புகோலால் மண்ணை அழுத்திக் கல்லாக்கும் கைப்பொறி ஒன்றை உருவாக்கினர். இரண்டு மூன்று பேர் இயக்கலாம், மின்சாரம் வேண்டாம், சூளை வேண்டாம், விறகு வேண்டாம். மண்ணுடன் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு சீமெந்தைக் கலந்து அழுத்தி, சில வாரம் ஈரம் காத்துப் பதப்படுத்தினால், அக்கல் மழைக்கும் தாங்கும். சீமெந்தை நாம் பகைக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று. அதனை உப்பைப் போல அளவறிந்து இடு என்கிறோம், சோற்றைப் போல உண்ணாதே என்கிறோம். தமிழகத்து ஆரோவில்லிலே 1989 முதல் இவ்வித்தை கற்பிக்கப்படுகிறது. கேரளத்தை வாழிடமாக்கிய லாரி பேக்கர், மண்ணாற் கட்டுவது எப்படியென்று சாதாரண மனிதனுக்கு விளங்கும்படி படம் வரைந்து சிறுநூல் எழுதினார். நம் நாட்டிலும் மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர் அழுத்திய மண்கல்லையும் இடித்திறுக்கிய மண்சுவரையும் பல ஆண்டுகள் சோதித்துள்ளனர். இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் அழுத்திய மண்கல்லுக்கு 1382 ஆம் இலக்கக் கட்டளையை 2009 இலேயே வெளியிட்டது. போர் முடிந்த அதே ஆண்டு என்பதை வாசகர் கவனிக்க. வன்னியிலும் மட்டக்களப்பிலும் வெளிநாட்டு உதவியுடன் சில வீட்டுத் திட்டங்கள் இக்கல்லைக் கையாண்டும் உள்ளன. கட்டளை இருக்கிறது, ஆய்வு இருக்கிறது, மண் இருக்கிறது. இல்லாதது மனம், அம்மனத்தைத் தடுப்பது இலாபம். வளவில் எடுக்கும் மண்ணுக்குத் தரகு இல்லை. இறக்குமதி அனுமதி இல்லை. கேள்விப்பத்திரம் இல்லை. தரகு கிடைக்காத பொருளை எந்த அமைச்சர் திறந்துவைப்பார்?

ஆகவே நாம் கோருவன வெளிப்படையானவை. முதலாவது காணி. குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி கொடுக்காமல் எந்தப் பொருளாலும் வீடு தரவேண்டாம். இரண்டாவது, சம தொகை. மண்ணாற் கட்ட விரும்பும் குடும்பத்துக்கும் கல்லாற் கட்டும் குடும்பத்துக்குக் கொடுக்கும் அதே தொகையைக் கொடுங்கள். மிஞ்சுவது நல்ல அத்திவாரத்துக்கும் நல்ல கூரைக்கும் மலசலகூடத்துக்கும் ஆகட்டும். மண் என்றவுடன் மலிவு என்று தொகையைக் குறைத்தால் அது மீண்டும் ஏழையின் வீடாகவே ஆகிவிடும். மூன்றாவது, அறிவு. மாவட்டந்தோறும் மண்ணைச் சோதித்துச் சொல்லும் ஓர் இடம் வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரிகளில் மேசன் பயிலும் இளைஞனுக்கு மண்வேலையும் பாடமாக வேண்டும். சுவர் மெழுகுவதும் தரை இடுவதும் காலங்காலமாகப் பெண்களின் கைவண்ணம். அதற்குக் கூலி கொடுத்து அவர்களையே ஆசிரியராக்கவேண்டும். நான்காவது, முன்மாதிரி. முதல் மண்கட்டடம் ஏழையின் வீடாக இருத்தலாகாது. அது பிரதேச செயலகமாக, நூலகமாக, பாடசாலையாக, வைத்தியரின் விடுதியாக எழட்டும். அதிகாரி தன் நாற்காலியை மண்சுவருக்குள்ளே போடும் நாளிலே, மண்வீட்டுப் பிள்ளை வகுப்பறையில் தலை குனியவேண்டிய நிலை மாறும்.

இறுதியாக நம் எழுத்தாள நண்பர்களுக்கும் ஒரு சொல். நம் கதைகளிலே வறுமையைக் காட்ட வேண்டுமாயின் உடனே ஒரு மண்சுவரை எழுப்பிவிடுகிறோம். கதாநாயகன் முன்னேறியதைக் காட்ட அதனை இடித்துக் கல்வீடு கட்டுகிறோம். இவ்வசதியான சின்னத்தை நாம் இத்தனை காலம் ஆராயாமலே கையாண்டோம். மண்ணுக்கு இழிவு செய்தவரின் பட்டியலிலே நிலவுடைமையாளரும் ஒப்பந்தக்காரரும் மட்டுமல்லர், நாமும் உள்ளோம். அப்பட்டியலினின்றும் நம் பெயரை நீக்கிக்கொள்வது நம் கையில் இருக்கிறது. அச்சுவரை மெழுகிய கை யாருடையது, அது நின்ற காணி யாருடையது, அதனை இடிக்கச் சொன்னவர் யார் என்று கேட்டு எழுதுவோம். அக்கேள்விகளுக்கு விடை காண மக்கள் எழும்போது, எந்த மண்ணால் எப்படிக் கட்டுவது என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள். நாம் அவர்களுக்குக் குழைத்துக் கொடுப்போம்.